மழைக்கு வைக்கும் பலகை

காங்கிரீட் போடுகிற நாளில் மேஸ்திரி யாருக்கும் முகம் கொடுக்கமாட்டார். தங்கச்சி, மகள், மச்சான் என்கிற உறவெல்லாம் கேட்டுக்கு வெளியே செருப்போடு நிற்க வேண்டியதுதான். உள்ளே வந்துவிட்டால் கொத்தன், சட்டிக்காரி, கம்பிக்காரன், மிஷின்காரன் என்று வேலைதான் பெயர். சொந்த மகளே அவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவாள். 'அப்பா' என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

அந்தக் கூட்டத்தில் கடிகாரம் பார்த்து யாரும் வேலை விடுவதில்லை. மேஸ்திரி தன் கொத்துக்கரண்டியைத் தண்ணீரில் முக்கிக் கழுவினால் வேலை முடிந்தது. அதுவரை வானமே இடிந்து விழுந்தாலும் சட்டி கைமாறிக்கொண்டிருக்க வேண்டும். கழுவின கரண்டி அன்றைக்கு மறுபடி கலவையில் இறங்காது. யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காண்ட்ராக்டரேகூட கழுவின கரண்டியோடு வாதாடிப் பார்த்ததில்லை.

மகள் கம்பி கட்டுகிறவள். கையில் கொக்கியும் இடுப்பில் கட்டுக்கம்பிச் சுருளுமாக இரண்டு வருடமாக அப்பாவின் கீழ்தான் வேலை. அவளுக்கு 'டிகிரி' என்று பெயர் விழுந்தது போன வருடம். கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த டிகிரி ஏது? கழுத்தில் கயிறு கட்டி ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் "இப்ப நாப்பத்தி ஒண்ணு, இப்ப நாப்பத்தி ரெண்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில் வந்த பெயர் அது. வைத்தது அவளுடைய அத்தை. மேஸ்திரியின் தங்கச்சி, சட்டி வரிசையில் நடுவில் நிற்கிறவள். அத்தைக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ.

வெப்பமானி அவள் கழுத்தில் ஏறியதற்குக் காரணம் உண்டு. போன கோடையில் மிஷின்காரர் செத்துப்போனார். கலவை மிஷின் ஓட்டுகிறவர், மேஸ்திரிக்கு இருபது வருடக் கூட்டாளி. உச்சி வெயிலில் மிஷின் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். ஆட்டோ பிடித்து அனுப்பினார்கள். கூட இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் தளத்தை முடித்தார்கள். காங்கிரீட்டை நடுவில் நிறுத்த முடியாதல்லவா? சாயங்காலம் மேஸ்திரி கரண்டி கழுவுகிற நேரத்துக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் இதயம் நின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். இதயம் எல்லோருக்கும் கடைசியில் நிற்கத்தான் செய்யும். வெயில் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

அவருடைய மகன் அந்த வாரமே மிஷினைக் கையில் எடுத்தான். இருபது வயது. எல்லோருக்கும் அவன் மிஷின் தம்பி. வாயைத் திறக்கமாட்டான். மேஸ்திரி அவனோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுவார். அதையும் மிஷினைப் பார்த்துதான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடை மாடியில் ஒரு கூட்டம் கூடுகிறது. ஜல்லி உடைக்கிற பையன்கள், தார் ரோடு போடுகிறவர்கள், பைக்கில் பார்சல் கொண்டுபோகிறவர்கள், இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள். எல்லோருக்கும் இருபதுக்கு முன்னே பின்னே வயது. மகள்தான் அதை ஆரம்பித்தாள். முதல் ஆளாக வந்து பாயை விரிக்கிறவன் மிஷின் தம்பி. பேசுவதென்னவோ எப்போதும் மற்றவர்கள்தான். 'வெயில் மாறிப்போச்சு, வேலை நேரத்தை மாத்து' என்று பழைய சிமெண்டுச் சாக்குகளில் எழுதி, தொழிலாளர் அலுவலகத்தின் முன் நாள் கணக்காக உட்கார்ந்தார்கள். கல்லூரிப் பிள்ளை ஒருத்தி படம் போட்ட அட்டையைக் காட்டி, எத்தனை வருடத்தில் எத்தனை டிகிரி ஏறியது, புகை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் விளக்கினாள். சிமெண்ட் செய்வதிலேயே ஏகப்பட்ட புகை என்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த ரேடியோ அத்தை கேட்டாள்:

"அப்ப சுட்டதும் நாமதான், சுடுபட்டதும் நாமதானா?"

"நீங்க இல்லைக்கா. உங்க கையால செய்ய வச்சவங்க."

"அதென்னமோ, சட்டி என்னமோ என் தலையிலதான் இருக்கு" என்றாள் அத்தை.

பூமியின் சூட்டைக் குறைக்க அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்று கிடைத்தது. ஒரு மாதம் சோதனை. நாற்பதைத் தாண்டுகிற நாட்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை திறந்தவெளியில் வேலை இல்லை. ஒழுங்காக நடந்தால் நிரந்தரம் ஆக்கலாம், நடக்காவிட்டால் கைவிடலாம். காண்ட்ராக்டர் உடனே எழுதிப் போட்டார்: காங்கிரீட் வேலையை நடுவில் நிறுத்தவே முடியாது, இது தொழில் தெரியாத பிள்ளைகள் விளையாட்டு, தொழிலாளர்களே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அதைக் கேட்டு மகளுக்குச் சூடு ஏறிவிட்டது. அதிகாரி அம்மாவின் மேசை முன் நின்று, "காங்கிரீட் நாளைக்கே வாங்க மேடம். மத்தியானம் வந்து பாருங்க. விடியக்காலையிலயே ஆரம்பிச்சுப் பன்னெண்டுக்குள்ள முடிச்சிருப்போம். ஒரு ஆள்கூட வெயில்ல நிக்கமாட்டாங்க" என்று சவால் விட்டு வந்துவிட்டாள். அதிகாரி அம்மா தேதியைக் கேட்டுக்கொண்டார். வந்து பார்க்கும்போது வேலை நடந்துகொண்டிருந்தால், காண்ட்ராக்டர் எழுதியது உண்மை என்று ஆகிவிடும். சோதனை அத்தோடு முடியும். அந்தத் தேதிதான் இன்று.

விடியும்போதே மொத்தக் கூட்டமும் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாவது மாடியின் கூரைத்தளம். கம்பி கட்டியாகிவிட்டது. சிமெண்ட் அடுக்கியாகிவிட்டது. மணல் குவிந்து கிடக்கிறது. தண்ணீர் டிரம் நிரம்பி வழிகிறது. ஜல்லியைத்தான் காணோம். முந்தின நாள் சாயங்காலமே வந்து கொட்டியிருக்க வேண்டிய லோடு.

மேஸ்திரி கேட்டருகே நின்று ரோட்டைப் பார்த்தார். மகள் போன் அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. நிழல் சுருங்கச் சுருங்க மறுபடி மறுபடி அடித்தாள். அத்தை வரிசைக்காரிகளோடு உட்கார்ந்து, "ஜல்லி இல்லாமயே போட்டுருவோமா? மேல குடியிருக்கப்போறவங்க மெதுவா நடந்துக்கட்டும்" என்றாள். சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

வெயில் நன்றாக ஏறின பிறகுதான் லாரி வந்தது. லோடு மேலே, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான் குவாரிப் பையன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து ஆள். மகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான்.

"டிகிரி, நாங்க ஜெயிச்சுட்டோம்."

"என்ன ஜெயிச்சீங்க?"

"நேத்து நாப்பத்தி மூணு. பன்னெண்டு ஆச்சு, விசில் ஊதினோம். ஒருத்தன் சம்மட்டி தூக்கலை. டிராக்டர்காரன்கூட இறங்கி உட்கார்ந்துட்டான். முதலாளி வந்து வந்து பார்த்துட்டுப் போனாரு. எப்படி?"

"எங்க லோடை எப்ப ஏத்தினீங்க?"

"எந்த லோடு?"

"இப்ப நீ உட்கார்ந்திருக்கியே, அது."

அவன் குனிந்து தான் உட்கார்ந்திருந்த ஜல்லியைப் பார்த்தான். "அது நேத்து மத்தியானம் ஏத்தவேண்டியது..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். கை தானாகக் கீழே இறங்கியது.

"நல்லா ஜெயிச்சீங்கடா" என்றாள் அத்தை. "உங்க ஜெயிப்பு எங்க உச்சந்தலையில வந்து விடியப்போகுது."

மகளால் அவனைத் திட்ட முடியவில்லை. போன வாரம் குவாரிக்கே போய், நிறுத்துங்கள், பயப்படாதீர்கள் என்று மணிக்கணக்காகப் பேசிவிட்டு வந்தவள் அவள்தான். ஒருவன் சம்மட்டியைக் கீழே வைத்தால் இன்னொருத்தியின் தலையில் சட்டி தாமதமாக, வெயிலில்தான் ஏறும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கே தோன்றவில்லை என்றால் படம் போட்ட அட்டையைக் குறை சொல்லி என்ன பயன்?

"மேஸ்திரி, நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

மேஸ்திரி பதில் சொல்வதற்குள் காண்ட்ராக்டரின் கார் வந்து நின்றது. குடை முதலில் இறங்கியது, பிறகு அவர். ஜல்லி லாரியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னைக்கே போட்டாகணும் மேஸ்திரி. தளத்தைத் தாங்குற சென்ட்ரிங் பலகையெல்லாம் வேற இடத்துக்கு அனுப்ப நாள் சொல்லியாச்சு, ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. அந்த மேடம் வர்றப்போ வேலை நடந்தா நடக்கட்டும். நடக்கிறதை நடக்குதுன்னுதானே எழுதுவாங்க?" மகளைப் பார்த்து, "என்னம்மா டிகிரி, நான் சொன்னது சரியாப் போச்சா?" என்றார்.

மேஸ்திரி துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். "மிஷினைப் போடு" என்று மிஷினைப் பார்த்துச் சொன்னார்.

மிஷின் தம்பி கயிற்றை இழுத்தான். டிரம் இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. நாலு பெட்டி ஜல்லி, இரண்டு பெட்டி மணல், ஒரு மூட்டை சிமெண்ட், தண்ணீர். டிரம் கவிழும். லிஃப்டுக் கூண்டு ஏறும். மேலே வரிசை நிற்கும். முதல் கை வாங்கி இரண்டாவது கைக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு. காலிச் சட்டி பக்கத்து வரிசையில் திரும்பி வரும். அந்த வரிசையில் நிற்கிறவளுக்குத் தன் வேகம் என்று எதுவும் கிடையாது. முன்னால் நிற்பவள் நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும். மூக்கு அரித்தால் அரித்தபடியே இருக்கட்டும். ஒருத்தி தடுமாறினால் பின்னால் இருக்கிற அத்தனை பேர் இடுப்பிலும் அது தெரியும்.

மகள் வரிசைக்கு முன்னால் ஓடி ஓடி, மிதிபட்டு இறங்கின கம்பியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பி கையைச் சுட்டது. சோதனைக்காக அலுவலகம் கொடுத்திருந்த வெப்பமானியை சைட் காவல்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஈரச் சுவர் நிழலில் மாட்டி வைத்திருந்தார். அங்கே தொங்கினால் அது எந்த ஜென்மத்திலும் நாற்பதைக் காட்டாது. அவள் போய் எடுத்து வந்து, தளத்தின் ஓரத்தில் ஆட்கள் நிற்கிற இடத்திலேயே, ஒரு கம்பியில் சாக்குத் துண்டால் கூரை மாதிரி கட்டி அதன் கீழ் தொங்கவிட்டாள். காவல்காரர் கீழிருந்து, "காண்ட்ராக்டர் ஐயா அங்கதான் மாட்டச் சொன்னாரு" என்றார்.

"ஐயாவை இங்க வந்து நின்னு படிக்கச் சொல்லுங்க" என்றாள்.

வெப்பமானி அதற்குள் நாற்பத்தி ஒன்றைத் தாண்டியிருந்தது.

தளத்தின் கீழே மூன்று அறைகள். முதல் அறையின் மேல் போட்டு முடித்து, இரண்டாவதையும் முடித்து, மூன்றாவதில் கால்வாசி போயிருந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. முழுக்க முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரேடியோ அத்தையே அணைந்துபோயிருந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை. அவள் முகம் சிவந்து, பிறகு சிவப்பும் போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆகியிருந்தது.

மகள் மேஸ்திரியின் எதிரே போய் நின்றாள். அவர் மட்டப்பலகையால் கலவையை இழுத்துச் சமன்செய்துகொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நிறுத்தணும்."

"தள்ளு."

"பன்னெண்டு ஆகப்போகுது."

"காங்கிரீட்டுக்கு மணி தெரியாது. நடுவுல விட்டா நாளைக்கு ஒட்டாது, விரிசல் விடும், ஒழுகும். அத்தனையும் உடைச்சுப் போடணும். இதை உன் கூட்டத்துல யாரும் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தது நீங்கதான்."

"அப்ப தள்ளு."

அவள் தள்ளவில்லை. நினைவில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே மாதிரி ஒரு தளம். அத்தை அவளை மணல் குவியல் மேல் உட்கார வைத்திருந்தாள். திடீரென்று மழை. எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளை யாரோ தூக்கித் தார்ப்பாய்க்குக் கீழே போட்டார்கள். ஈரக் கலவை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அப்போது அப்பா ஒரு நீளப் பலகையைக் கம்பிகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தி, கலவையை அதோடு முட்டவைத்து, கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் இன்றைக்கும் பஸ் நிலையம் போகிற வழியில் நிற்கிறது. ஒழுகினதாக யாரும் சொன்னதில்லை.

"மழை வந்தப்போ பலகை வச்சு நிறுத்துனீங்களே" என்றாள்.

மேஸ்திரியின் கை மட்டப்பலகையில் நின்றது. "அது மழை."

"மழைக்கு நிறுத்தலாம், வெயிலுக்கு நிறுத்தக்கூடாதா?"

"மழை பெய்ஞ்சா சிமெண்ட் கரைஞ்சு போயிரும். வேலை கெட்டுரும். அதுக்கு நிறுத்துறது வேற."

வரிசையின் நடுவிலிருந்து அத்தை பேசினாள். சட்டி அவள் இரண்டு கைக்கு நடுவே இருந்தது. யாருக்கும் நீட்டவில்லை.

"சரியாத்தாண்ணே சொல்ற. மழை சிமெண்டைக் கெடுக்கும். வெயில் ஆளைத்தானே கெடுக்குது. ஆளு நாளைக்கு வேற கிடைக்கும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். பின்னால் நின்றவளின் கையில் சட்டி தேங்கியது, அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசை முழுக்கச் சட்டி தேங்கி, கடைசியில் லிஃப்டுக் கூண்டு நிரம்பியபடியே மேலே நின்றது. கீழேயிருந்து மிஷின் தம்பி ஏன் கூண்டு இறங்கவில்லை என்று அண்ணாந்து பார்த்தான்.

மேஸ்திரி அவனைப் பார்த்தார். மிஷினை அல்ல, அவனைத்தான். மகள் அதைக் கவனித்தாள். அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. நிறுத்த முடியும் என்று தெரியாமல் அப்பா மறுக்கவில்லை. ஒரு வருடமாக அவர் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறார்: காங்கிரீட்டை நடுவில் நிறுத்த முடியாது. இன்றைக்கு நிறுத்த முடியும் என்றால், அன்றைக்கும் முடிந்திருக்கும்.

தான் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்த பிறகு அவள் மறுபடி கேட்கவில்லை, வழியை விட்டு நகரவும் இல்லை.

மேஸ்திரி எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த கலவையைத் தட்டிவிட்டார்.

"இங்க நிறுத்த முடியாது. சுவரோரத்துல நிறுத்தினா நிக்காது. அறை நடுவுக்கு வரணும். இன்னும் ரெண்டு பாத்தி அகலம் போடணும்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "கீழ சொல்லு, இன்னும் ஆறு கலவை, அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம். சட்டி நகரட்டும். டிகிரி, பலகை எடுத்துட்டு வா."

சைட்டில் அவர் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பலகையை நிறுத்துவது கம்பிக்காரியின் வேலை. கீழ்க் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் பலகை புக வேண்டும், கம்பி வருகிற இடத்தில் வெட்டு விழ வேண்டும். அவள் ரம்பத்தால் வெட்டினாள், குவாரிப் பையன் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். லாரியை அனுப்பிவிட்டுப் போகாமல், குற்றம் செய்தவன் மாதிரி காலையிலிருந்து அங்கேயேதான் சட்டி நிரப்பிக்கொண்டிருந்தான். பலகையைச் சொருகி, கொக்கியால் கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டினாள். வியர்வை கண்ணில் இறங்கி, கட்டுவது எது கை எது என்று தெரியவில்லை. பின்னால் வரிசை வந்துகொண்டிருந்தது. கலவை வந்து பலகையை முட்டியது. ஆறாவது கலவையின் கடைசிச் சட்டியை அத்தை கவிழ்த்தாள். மேஸ்திரி கரண்டியால் பலகை ஓரத்தைக் குத்திக் குத்தி இறுக்கினார், மேலே இழுத்துச் சமன்செய்தார், ஈரச் சாக்கைப் போர்த்தச் சொன்னார்.

பிறகு தண்ணீர் டிரம்முக்குப் போனார். கரண்டியைத் தண்ணீரில் முக்கினார். கட்டைவிரலால் இரண்டு பக்கமும் வழித்துக் கழுவினார். எல்லோரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். காண்ட்ராக்டரும் கீழே குடைக்கடியில் நின்று பார்த்தார்.

"மேஸ்திரி, என்ன பண்றீங்க? ஒரு அறை பாதியில கிடக்கு."

"நாளைக்கு விடியல்ல."

"சென்ட்ரிங் பலகையைக் குறிச்ச நாள்ல அனுப்பணும்னு சொன்னேனே."

"இதுக்குக் கீழ முட்டுக் கொடுத்தது அப்படியேதான் நிக்கணும். பிடுங்கினா உங்க தலையிலதான் விழும்" என்றார் மேஸ்திரி. காண்ட்ராக்டர் தன்னையறியாமல் குடையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் இரண்டாவது மாடியின் உள் அறைக்கு இறங்கினார்கள். ஜன்னல் வைக்காத ஓட்டை வழியாகக் காற்று என்ற பெயரில் அனல் வந்தது, ஆனாலும் நிழல் நிழல்தான். அத்தை சுவரில் சாய்ந்து, தண்ணீரைக் குடித்து, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் கையை யாராவது பார்த்தீங்களா? இங்கதான் எங்கயோ வச்சேன்" என்றாள். ரேடியோ திரும்பிவிட்டது என்று தெரிந்தது.

அதிகாரி அம்மா சொன்னபடியே வந்தார். வியர்த்து வழிந்துகொண்டு மூன்று மாடியும் ஏறினார். சாக்கு போர்த்தின தளத்தையும், பலகையையும், கம்பியில் தொங்கின வெப்பமானியையும் பார்த்தார். அதில் படித்ததை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கி நிழலுக்கு வந்தார். காண்ட்ராக்டர் பின்னாலேயே வந்தார்.

"நடுவில் நிறுத்தவே முடியாதுன்னு எழுதியிருந்தீங்க" என்றார் அதிகாரி.

"மேடம், வழக்கமா அப்படித்தான். மேஸ்திரியையே கேளுங்க. அவருக்குத் தெரியாத தொழில் இல்லை."

அதிகாரி திரும்பினார். "நிறுத்தலாமாங்க?"

"பலகை வச்சு நிறுத்தலாம்" என்றார் மேஸ்திரி. "மழை வந்தா நிறுத்துவோம். விடியல்ல அந்த ஓரத்தைக் கொத்திவிட்டு, சிமெண்டுப் பால் ஊத்திட்டுப் போட்டா ஒட்டிக்கும்."

"அப்ப இத்தனை நாள் வெயிலுக்கு ஏன் நிறுத்தலை?"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். மகள் வாசலைப் பார்த்தாள். மிஷின் தம்பி படியேறி வந்து, கதவு நிலை வைக்காத வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

மேஸ்திரியும் அவனைப் பார்த்துவிட்டார். அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவர் அதிகாரிக்குச் சொல்லவில்லை.

"நிறுத்தியிருக்கலாம்" என்றார். "நான் நிறுத்தலை."

மிஷின் தம்பியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "மிஷினைக் கழுவணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். டங், டங் என்று விடாமல். டிரம்மின் உள்ளே ஒட்டின கலவையைச் சுத்தியலால் தட்டி எடுக்கிற சத்தம். தண்ணீரும் ஜல்லியும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போகிற கலவைதான் அது. அவன் சுத்தியலை எடுத்திருந்தான்.

"யாரோ வேலை செய்யுறாங்க போல" என்றார் அதிகாரி.

காண்ட்ராக்டர் நிமிர்ந்தார். "அதான் மேடம் நான் சொல்றது. அவங்களே நிறுத்தமாட்டாங்க."

மகள் எழுந்தாள். அவன் அவளுடைய கூட்டத்து ஆள், அவள் சொன்னால் கேட்பான். ஆனால் மேஸ்திரி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அவரே இறங்கினார். அவள் ஜன்னல் ஓட்டையருகே போய் நின்றாள்.

கீழே நிழல் என்பதே இல்லை. மிஷின் தம்பி டிரம்முக்குள் தலையை நுழைத்து அடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி போய் அவன் பின்னால் நின்றார். போன வருடம் மிஷின்காரர் விழுந்த இடமும் அதே மாதிரி ஒரு மிஷின் பக்கம்தான். இரண்டு பேர் தலையிலும் துண்டு இல்லை.

"தம்பி, கீழ வை" என்றார் மேஸ்திரி.

டங், டங்.

"மணி பன்னெண்டு தாண்டிருச்சு. கீழ வைடா."

அவன் தலையை வெளியே எடுக்காமல் பேசினான். டிரம்முக்குள்ளிருந்து குரல் பெரிதாக வந்தது. "வச்சா இறுகிரும். நாளைக்கு மிஷின் ஓடாது. வேலை கெட்டுரும்."

"இறுகினா இறுகட்டும்."

சத்தம் நின்றது. அந்தக் கூட்டத்தில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தை அது. ஒரு கைப்பிடிக் கலவை வீணானால் நாலு தலைமுறையைத் திட்டுகிறவர். அவன் தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, சிமெண்டுத் தூசியோ என்னவோ.

சுத்தியலைக் கொடுக்கவில்லை. அவரும் கையை நீட்டவில்லை. வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நீ போகிறவரைக்கும் நானும் போகப்போவதில்லை என்று சொல்லாமல் சொல்கிற நிலை அது. அறுபதை நெருங்குகிற ஆள், காலையிலிருந்து குனிந்தே இருந்தவர்.

மேலேயிருந்து அத்தை கத்தினாள். "ரெண்டு பேரும் அங்கயே நின்னு வெந்துக்கிட்டிருங்க. அந்த அம்மா என்னத்தை எழுதுறது? மேல வாங்கடா."

மிஷின் தம்பி சுத்தியலை ஜல்லிக் குவியல் மேல் போட்டான். அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் நடந்து படியேறினான். மேஸ்திரி பின்னால் ஏறினார், ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. அறைக்குள் வந்ததும் அவன் ஒரு மூலையில் உட்கார்ந்தான். அவர் எதிர் மூலையில் உட்கார்ந்தார். மகள் தண்ணீர்ச் சொம்பை முதலில் அவனிடம் கொண்டுபோனாள். அவன் பாதி குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், சொம்பை அந்தப் பக்கம் நீட்டினான். வரிசையில் சட்டி போகிற மாதிரி அது ஒவ்வொரு கையாக மாறி மேஸ்திரியிடம் போனது. அவர் வாங்கிக் குடித்தார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, வேலை நிறுத்தப்பட்டிருந்தது என்று எழுதிக்கொண்டார்.

கீழே மிஷினுக்குள் மிச்சமிருந்த கலவை வெயிலில் இறுகத் தொடங்கியது. மூன்று மணி வரைக்கும் யாரும் அதைப் போய்ப் பார்க்கவில்லை.